ஒருவரும் சாகாத சீனப் படங்கள்

எனக்கு எட்டு வயதாகும்வரை சீனச் சண்டைப் படங்களில் ஒருவரும் செத்தது கிடையாது. வாளால் குத்துப்பட்டவர்கள் மயங்கினார்கள். கூரையிலிருந்து விழுந்தவர்கள் களைப்பில் படுத்தார்கள். நெஞ்சில் ஐந்தாறு அம்பு தைத்து, வாயோரம் சிவப்புச் சாயம் வடிய, கண்ணைத் திறந்தபடியே சாய்ந்த ஒரு வெள்ளைத் தாடிக் கிழவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அவர் காலையில் சாப்பிடாமல் சண்டைக்கு வந்துவிட்டார், தலை சுற்றிவிட்டது, அவ்வளவுதான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சித்தப்பா. அவருக்குச் சீனம் தெரியாது. படத்தின் அடியில் ஓடிய பிரெஞ்சு எழுத்தும் தெரியாது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கதை சொல்லுவதில் லேசில் தடுமாறுகிற ஆள் இல்லை.

நானும் அம்மாவும் மொன்றியலுக்கு வந்தபோது எனக்கு மூன்று வயது. அம்மாவின் அண்ணன் எப்படியோ எங்களைக் கூப்பிட்டு எடுத்தார். பிறகு அவர் தன் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அப்பா வன்னியில் நின்றுவிட்டார். தன் தம்பியையும், அதுதான் சித்தப்பாவையும், கூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகப் பேச்சு. அதற்குள் சண்டை இறுகிப் பாதைகள் மூடிவிட்டன. எல்லாம் முடிந்தபோது தம்பி மட்டும் தப்பி, இரண்டு மூன்று நாடுகளில் அலைந்து, ஒரு பங்குனி மாதம் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உன்ர அண்ணை எங்கே என்று அம்மா கேட்டதற்கு, சனத்துக்குள் பிரிந்துவிட்டோம், அவர் பேந்து வருவார் என்று சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் வீடு பேந்து, அதாவது பிறகு, என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றது.

நின்றது என்றால் சும்மா இல்லை. வாசலில் சப்பாத்து வைக்கும் ரப்பர்த் தட்டில் ஒரு சோடி ஆம்பிளைப் பனிச்சப்பாத்து எப்போதும் இருக்கும். பனிக்காலம் முடிகிற சமயம் மலிவு விற்பனையில் அம்மா அப்பாவுக்காக வாங்கியது. அப்பாவின் கால் அளவு அம்மாவுக்கு மனப்பாடம். தம்பிக்கும் அதே கால்தான். ஆனால் சித்தப்பா தன்னுடைய வெடித்த சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைச் சுற்றிக் காலை நுழைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அந்தப் புதுச் சோடியைப் போடு என்று அம்மா சொன்னதில்லை. போடட்டுமா என்று அவர் கேட்டதுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா முழுகிவிட்டுச் சாமிப்படத்தைத் துடைப்பார், அதே கையோடு அந்தச் சப்பாத்தையும் துடைப்பார்.

அம்மாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. சனிக்கிழமைதான் அங்கே சனம் அள்ளும், ஆகவே சனிக்கிழமை அம்மா வீட்டில் இல்லை. சித்தப்பாவுக்குச் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. சனி, ஞாயிறு லீவு. என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது, பாவம். கிடங்கில் அவரோடு வேலை செய்த ஒரு வயதான சீனர் கை கொடுத்தார். வியட்நாமில் பிறந்து வளர்ந்தவர். இவருக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. இவர் சாப்பாட்டு நேரத்தில் காலைத் தூக்கிக் காற்றில் ஓர் உதை விட்டுக் காட்ட, அவர் முகம் மலர்ந்து, அடுத்த நாளே ஒரு மட்டைப்பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்து கொடுத்தாராம். எல்லாம் பழைய வாள்சண்டைப் படங்கள். பேச்சு சீனத்தில், எழுத்து பிரெஞ்சில்.

சித்தப்பாவும் அப்பாவும் பொடியங்களாக இருந்த காலத்தில் ஜெனரேற்றர் பிடித்து வீடியோவில் இப்படியான படங்களை ஓட்டிப் பார்த்தவர்கள். அங்கேயும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காதாம். அப்பா முன்னால் குந்தியிருந்து எல்லாருக்கும் தமிழில் குரல் கொடுப்பாராம். "உன்ர அப்பாதான் இதில விண்ணன். நான் சும்மா வாலாட்டுறன்" என்று சித்தப்பா சொல்லுவார். அப்படிச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமித் தொடங்குவார் பாருங்கள், நான் வாயில் ஈ போவது தெரியாமல் இருப்பேன். கதாநாயகனுக்கு ஒரு குரல். வில்லனுக்கு மூக்கால் ஒரு குரல். வெள்ளைப் புருவத்தோடு மலை உச்சியில் இருக்கும் துறவிக்கு, எங்கள் கோவில் ஐயர் தேவாரத்துக்கு முன்னால் கனைக்கிற அதே கனைப்பு.

அதில் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. முக்கியமான சட்டம் வாயைப் பற்றியது. சில படங்களில் நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்குமே, அது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. "வாய் மூடினா வசனம் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஒரு சொல் வரப்படாது" என்பார். அப்படியே செய்தும் காட்டுவார். ஒருவன் நாலு தரம் வாயசைத்தால் நாலு வசனம்தான். அவன் இருமினால் இவரும் இருமுவார். எனக்கும் சில சமயம் சின்னப் பாத்திரங்கள் கிடைக்கும்: சத்திரத்தில் சாப்பாடு பரிமாறுகிறவன், ஊமை வேலைக்காரி. ஊமைக்கு என்ன வசனம் என்று கேட்டால், முகத்தைப் பார்த்து அவள் மனதில் நினைப்பதைச் சொல்லு என்பார்.

சண்டைப் படம் என்றால் கதை பழிவாங்குவதுதான். இது இப்போது எனக்குத் தெரியும். குருவைக் கொன்றவனைத் தேடிச் சீடன் வருடக்கணக்காய் மலையில் தண்ணீர் சுமந்து வித்தை படிப்பான். தகப்பனின் சாவுக்கு மகள் வாளெடுப்பாள். மானம், சத்தியம், குருபக்தி, இரத்தத்துக்கு இரத்தம். சித்தப்பாவின் படங்களில் இதில் ஒன்றுகூட வரவில்லை. அங்கே எல்லாச் சண்டைக்கும் காரணம் ஓர் ஆடு. கண் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுங்கும் விரலை நீட்டி ஒருவன் வந்து நின்றால், "எங்கட ஆட்டை ஏனடா அவிட்டனீ?" என்று சித்தப்பா உறுமுவார். அரச மாளிகையிலும் ஆடு, மூங்கில் காட்டிலும் ஆடு. சீனாவைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, அங்கே ஆடுகளை நன்றாகக் கட்டிவைக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன்.

விழுந்தவர்கள் எழும்பி வருவதற்கும் அவரிடம் சாட்சி இருந்தது. கன்னத்தில் மருவோடு ஒரு தடியன். ஒரு படத்தில் ஈட்டி பட்டு ஆற்றில் விழுந்தான். அடுத்த கிழமை வேறு உடுப்போடு வேறு படத்தில் வந்து, நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பாத்தியே? அண்டைக்கு விழுந்தவர். எழும்பி வந்திட்டார்!" என்று சித்தப்பா என் தோளில் தட்டினார். தடியன் அந்தப் படத்திலும் விழுந்து அதற்கடுத்ததில் எழும்பினான். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அப்பாவும் எங்கேயாவது விழுந்து கிடந்தால் இப்படித்தானே எழும்பி வருவார் என்று ஒருநாள் கேட்டேன். திரையில் இரண்டு பேர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், சித்தப்பாவிடமிருந்து குரல் வரவில்லை. பிறகு ஓம் என்றார்.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தவள் வாள்காரிதான். வாள்காரி ஆண் உடுப்புப் போட்டுத் தலைமயிரை உச்சியில் முடிந்துகொண்டு சத்திரத்துக்குள் நுழைவாள். உடனே அங்கே இருக்கும் அத்தனை பேரும் அவளை ஆண் என்று நம்பிவிடுவார்கள். முகம் அதே முகம், இடுப்பு அதே இடுப்பு. எட்டு வயதுக்காரிக்கே தெரிகிறது, அந்த மொக்குகளுக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபமாக வரும். சித்தப்பா மட்டும் சிரிக்கமாட்டார். "எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. அவள் மறைக்க விரும்புறாள். அதால தெரியாத மாதிரி இருக்கினம்" என்பார். அது எனக்கு நல்ல விளக்கமாகப் படவில்லை. ஆட்டை வைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் தை மாதத்தில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, யூலையில் தானே நேரில் போய்த் தேடப்போவதாகச் சொன்னார். முகாம், ஆஸ்பத்திரி, சிறை, ஒன்று விடாமல் அப்பாவின் படத்தைக் காட்டிக் கேட்பாராம். என்னைச் சித்தப்பாவோடு விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. போனவர்கள் ஒருவரும் திரும்பாத இடத்துக்கு அம்மாவும் போகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. சித்தப்பா என்னைவிட மோசம். போகாதேங்கோ அண்ணி, இப்ப போறது நல்லமில்லை என்று ஒவ்வொரு நாளும் புதுப்புதுக் காரணம் சொன்னார். அம்மா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன்ர அண்ணையை நான் தேடாமல் ஆர் தேடுறது என்று ஒரேயொரு தரம் கேட்டார், சித்தப்பா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

மாசி மாதத்தில் எனக்குக் கண்ணாடி வந்தது. கரும்பலகை தெரியாமல் நான் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதைப் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தால், கடவுளே, மொன்றியல் முழுக்க எழுத்து! தெருப் பெயர், பஸ்ஸின் முதுகு, தெப்பனர் என்கிற தெருமூலைக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டுகள், ஒன்று விடாமல் உரக்க வாசித்துக்கொண்டே வீடு வந்தேன். வாசிப்பதில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. கிட்டத்தில் இருந்தால் எதையும் வாசிப்பேன். தூரத்தில் இருந்தவைதான் அதுவரை எனக்கு இல்லாமல் இருந்தன.

அடுத்த நாள் காலையிலிருந்து பனிப்புயல். சந்தைக் கடையைத் திறக்கவில்லை என்று அம்மாவுக்கு ஃபோன் வந்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை, முதல்முதலாக, அம்மாவும் எங்களோடு படம் பார்க்க உட்கார்ந்தார். மடியில் ஒரு சுளகு, சுளகில் உள்ளி. சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. பெட்டியில் மேலே கிடந்த உறையைப் பார்த்து, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறார்கள், இது எங்கட கூத்துத்தானே என்று சொல்லி உள்ளியை உரிக்கத் தொடங்கினார். சித்தப்பா பெட்டிக்குள் கையை விட்டு அகப்பட்ட படத்தை எடுத்துப் போட்டார். உறையைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன விளங்கியிருக்கும்?

படம் தொடங்கியது. திரையின் அடியில் எப்போதும் வெள்ளைப் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் சொற்கள் நின்றன. முழுச் சொற்கள். சித்தப்பா வழக்கம்போல உறுமினார்: "எங்கட ஆட்டை ஏனடா அவிட்டனீ?" அடியில் வேறு ஏதோ இருந்தது. நான் இன்னும் இரண்டு மூன்று வசனம் பொறுத்துப் பார்த்தேன். ஆடு எங்கேயும் வரவில்லை.

"சித்தப்பா, அவன் ஆட்டைப் பற்றிக் கதைக்கேல்லை. அவன்ர வாத்தியாரை ஆரோ கொன்றுபோட்டாங்களாம்."

அம்மா தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அந்த வீட்டில் அம்மா சிரித்து நான் கேட்டது குறைவு. "அப்ப இவ்வளவு நாளும் இவர் பிள்ளைக்குப் புளுகினவரோ?" என்று கேட்டுவிட்டு உள்ளித்தோல் பறக்க இன்னும் சிரித்தார். சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைச் சிரிக்கவைத்தது நான்! இன்னும் ஒரு தரம் சிரிக்க வேண்டும், அதற்கு இன்னும் பொய்யைப் பிடிக்க வேண்டும். நான் எழுந்துபோய் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ரிமோட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா ஒவ்வொரு வசனம் சொல்லும்போதும், இல்லை, பொய், என்று கத்தி, வாசித்து, சரியானதைத் தமிழில் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

படத்தில் இரண்டு சகோதரர்கள். இரண்டு பேரும் சண்டைக்குப் போகிறார்கள். அண்ணன்காரனின் மனைவி ஊரில் ஒரு மரப்பாலத்தடியில் துணி துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பாதிப் படத்தில் தம்பி மட்டும் அந்தப் பாலத்தைக் கடந்து வருகிறான். கையில் துணியில் சுற்றிய ஒரு முறிந்த வாள். அவளுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து அதை நீட்டுகிறான். இரண்டு தரம் வாயசைக்கிறான்.

"அண்ணை வாளைத் திருத்தக் குடுத்துவிட்டவர் அண்ணி. அவர் பேந்து வருவார்" என்றார் சித்தப்பா. அவசரமாகச் சொன்னார். படத்தை நிப்பாட்டு பிள்ளை, தேத்தண்ணி குடிப்பம் என்று எழும்பவும் பார்த்தார்.

நான் விடுவேனா? படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினேன். அடியில் இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு, வகுப்பில் வாசிப்பதுபோலப் பிசகில்லாமல் வாசித்தேன். இல் எ மோர் என்று பிரெஞ்சில் தொடங்கியது. பிறகு சித்தப்பாவைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்துத் திரும்பி நின்று, அந்தத் தம்பியின் குரலில் சொன்னேன்:

"அண்ணி, அண்ணை செத்துப்போனார். நான் பக்கத்திலதான் இருந்தனான். உங்களுக்குச் சொல்லப் பயமாயிருந்தது."

அம்மாவின் சிரிப்பு நின்றது. முகம் மாறவில்லை, சிரிப்பு மட்டும் நின்றது. கையில் பாதி உரித்த உள்ளிப்பல் இருந்தது. அதைச் சுளகில் வைத்தார். வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனது. "தம்பி, அவள் வாசிச்சது சரியோ?" என்று அம்மா கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை.

சித்தப்பா தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் அண்ணி. சரிதான்" என்றார்.

நான் குதித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதிரையில் ஏறிக் குதித்தேன். தோற்றுப்போனார், ஒப்புக்கொண்டுவிட்டார், எவ்வளவு காலப் புளுகு! கையைத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினேன். அந்தச் சத்தத்துக்குள் சித்தப்பா இன்னும் ஏதோ சொன்னார். "நான்தான் அண்ணி மண் போட்டனான். தனியத்தான் போட்டனான்." எனக்கு அது காதில் விழுந்தது. படத்தில் மண் எங்கே வந்தது என்று யோசித்தேன். இனி வரப்போகிறதாக்கும் என்று திரும்பவும் ரிமோட்டை அமத்தினேன்.

அம்மா எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. படத்தில் அந்தப் பெண் அழவில்லை. முறிந்த வாளை வாங்கிக்கொண்டாள், அடுத்த காட்சியிலேயே ஆண் உடுப்புப் போட்டாள், குதிரையில் ஏறினாள். நான் அதை வாசித்து வாசித்துச் சொன்னேன். சித்தப்பா கேட்கவுமில்லை, எழும்பவுமில்லை. அம்மா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கழுவும்போது போய்விட்டது, வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாக ஓடிப்போய் அலுமாரியிலிருந்து பொட்டு மட்டையை எடுத்துவந்து நீட்டினேன். அம்மா அதைக் கையில் வாங்கினார். "பேந்து வைக்கிறன்" என்றார். பிறகு உலையை வைத்தார். அன்றைக்கு உள்ளிக் குழம்புதான், நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

யூலையில் அம்மா போகவில்லை. எனக்குச் சந்தோஷம், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் போக நினைத்துவிடுவார் என்று பயம். மட்டைப்பெட்டி கிடங்குச் சீனரிடம் திரும்பிப் போய்விட்டது. சித்தப்பாவின் குரல்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அவர் என்னைச் சனிக்கிழமைகளில் சறுக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார், நான் சறுக்கினேன், அவர் நின்றார். என் மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். தோற்றவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்.

அடுத்த பனிக்காலத்தின் முதல் நாள், சித்தப்பா வழக்கம்போலப் பொலித்தீன் பையோடு வாசலில் குனிந்துகொண்டிருந்தார். அம்மா அந்தப் புதுச் சப்பாத்தை எடுத்து அவர் காலடியில் வைத்தார். இதைப் போட்டுக்கொண்டு போ தம்பி என்றார். நான் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விடமாட்டேன் என்று ஒரே அழுகை. "அது அப்பாவின்ர! அப்பா வந்தா எதைப் போடுவார்?" அம்மா சுவரைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். எத்தனை முகங்களுக்கு வசனம் சொன்ன மனிதர்! எனக்கு ஒரு பதில் சொல்ல மாட்டாரா? வெடித்த சப்பாத்தோடேயே படியிறங்கிப் போனார். அன்று பின்னேரம் அம்மா என்னை மடியில் வைத்து, அப்பா இனி வரமாட்டார் என்று மூன்றே சொல்லில் சொன்னார். அழுது முடித்ததும் நானே அந்தச் சப்பாத்தை வாசலில் சித்தப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அம்மாவுக்கு முன்பே தெரியுமோ என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு. வாள்காரி நுழைந்த அந்தச் சத்திரத்தில் இருந்தவர்களைப்போல, மறைக்க விரும்புகிறவன் மறைக்கட்டும் என்று இருந்தாரோ? கேட்டதில்லை. சில கேள்விகளை அம்மாக்களிடம் கேட்கக்கூடாது.

போன மாசியில், தற்செயலாக, அந்தப் படம் என் கண்ணில் பட்டது. யாரோ அதைத் துடைத்துப் புதுப்பித்துக் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள், அதே பிரெஞ்சு எழுத்தோடு. எனக்கு இப்போது இருபத்தைந்து வயதாகப்போகிறது. என் வீடும் வில்லரேயில்தான். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு தனியே இருந்து பார்த்தேன். மரப்பாலம் வந்தது, தம்பி வந்தான், முழங்காலில் விழுந்தான். இரண்டு வரி. அவர் இறந்துவிட்டார். இது அவருடைய வாள். அவ்வளவுதான் இருந்தது. பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்த்தேன். பக்கத்தில் இருந்ததாக அவன் சொல்லவில்லை. சொல்லப் பயந்ததாகவும் சொல்லவில்லை. வாய் மூடிவிட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னது.

எட்டு வயதில் அந்த வசனத்தை எங்கிருந்து எடுத்தேன்? நான் அப்போது திரையைப் பார்த்து நிற்கவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் நின்றேன். உடனே சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் இப்போது பக்கத்து நகரமான லவாலில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், தலை நரைத்துவிட்டது. வழக்கமான சுகம் விசாரிப்புக்கூட இல்லாமல், படத்தில் அந்த வசனம் இல்லை சித்தப்பா, நான்தான் சும்மா சொன்னேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. அவன்ர வாய் இரண்டு தரம்தானே அசைஞ்சது" என்றார்.

பொய் என்று அவர் அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் மூடிய பிறகு வசனம் வரக்கூடாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். சொல்லியிருந்தால் அம்மா இன்னொரு தரம் சிரித்திருப்பார், நான் தோற்றிருப்பேன், சப்பாத்து வாசலில் அப்படியே இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அந்த வசனத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு ஓம் அண்ணி என்றார். நான் கதிரையில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.